செண்பகத்தின் விரதம்

2024 டிசம்பர் 16, திங்கட்கிழமை, மார்கழி முதல் நாள், விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிடம். இரவெல்லாம் தூறிய மழை நின்றிருந்தது; காற்று இல்லை; செராமிக் தொழிற்பேட்டையின் சூளைப் புகையும் பனியும் கலந்து சாலை விளக்குகளைச் சுற்றி மஞ்சள் வட்டங்களாக நின்றன. கால்நடை உதவி மருத்துவர் ஜெயஸ்ரீ, பேட்டைக்கு அப்பால் இருந்த ஐயனார் கோவிலின் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். தொலைபேசியில் அழைத்த கனகா, கோவில் குதிரையின் லாய வாசலில் நின்றிருந்தாள்.

உள்ளே செண்பகம் நின்ற விதத்தைக் கண்டதும், பையைத் திறக்கும் முன்பே ஜெயஸ்ரீக்கு நோய் விளங்கிவிட்டது. செண்பகம் சந்தன நிறத்து மட்டக்குதிரை, பெண். முன்னங்கால்கள் இரண்டையும் முன்னே நீட்டி, உடற்பாரம் முழுவதையும் பின்னங்கால்களின்மேல் சாய்த்து, கொதிக்கும் தார்ச்சாலையில் செருப்பின்றி அகப்பட்டவர் குதிகாலால் நிற்பதைப்போல் நின்றது. அதன்மேல் இரண்டு கம்பளிகள் போர்த்தப்பட்டிருந்தன.

கம்பளிகளை அகற்றியபோது நோயின் காரணமும் விளங்கியது. முதுகெலும்பு மேடாக இருக்கவேண்டிய இடத்தில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் ஓடியது. மழையில் நிறுத்தினால் தண்ணீர் தேங்கும். பிடரியில் கொழுப்பு திரண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விலா எலும்பைத் தேடிப் போன விரல்கள் அதைக் காணாமலே திரும்பின.

"எப்பலேர்ந்து இப்பிடி நிக்குது?"

"நேத்து சாயங்காலமே கால மாத்தி மாத்தி வச்சா மேடம். குளிரு புடிச்சிருக்கும்னு நெனச்சிப் போத்தி வுட்டேன்."

"தீனி என்ன போடுறீங்க?"

கனகா மறைக்காமல் சொன்னாள். கரும்புத்தோகை, கடலைக்கொடி, மழைக்குப் பிறகு ஏரிக்கரையில் எழும்பிய பச்சைப்புல் வேண்டியமட்டும், கோவிலுக்கு வருபவர்கள் தரும் வாழைப்பழம், வெல்லம், பொங்கல்.

"அப்பறம் கொள்ளு. அது இப்ப ரெண்டு பங்கா போடுறேங்க."

"ரெண்டு பங்கா? ஏன்?"

"ரொம்பப் பெருத்துட்டாளே, கொழுப்பு கரையட்டும்னுதான். எங்க சித்தி கொள்ளு ரசம் குடிச்சே பாதியா எளைச்சாங்க மேடம்."

ஜெயஸ்ரீ குனிந்து குளம்பின்மேல் கையை வைத்தாள். குளம்பு சுட்டது, அதற்கு மேலே நாடி தட்டுவது விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"உங்க சித்தி ஒரு நாளைக்கு எத்தன படி கொள்ளு சாப்புட்டாங்க?"

தான் செய்தது என்ன என்பது கனகாவுக்கு அந்தக் கேள்வியிலேயே புரிந்துவிட்டது. கீழே கிடந்த கம்பளிகளை எடுத்து, ஓரங்கள் பொருந்தும்படி மடித்து, எட்டாத உயரத்தில் இருந்த பரணில் எறிந்தாள்.

செண்பகம் அந்தக் கோவிலுக்கு வந்த வரலாறு சிறியது. செராமிக் யூனிட் ஒன்றின் உரிமையாளரும் கோவில் கமிட்டியின் தலைவருமான தேவநாதன், இரண்டு ஆண்டுகளுக்கு முன் தம் சூளைக்கொட்டகை இடிந்து விழுந்தும் யாருக்கும் காயம் இல்லை என்பதற்காக ஐயனாருக்கு வேண்டுதல் செலுத்தினார். அந்த வட்டாரத்தில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைப்பது வழக்கம். தேவநாதன் உயிருள்ள குதிரையையே வாங்கிக் கோவிலுக்கு விட்டார். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஊர் உடனே எண்ணிப் பார்க்கவில்லை. மண்குதிரையின்முன் வைத்த படையலை, வைத்தவரே எடுத்துக்கொண்டு போய்விடலாம். செண்பகத்தின்முன் வைத்தது எதுவும் திரும்பி வரவில்லை.

அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை கனகாவுக்கு வந்தது. காலையும் மாலையும் லாயம். இடைப்பட்ட பகலில் தேவநாதனின் யூனிட்டில், சுடுவதற்கு முன் மின்கம்பிக்கான பீங்கான் இன்சுலேட்டர்களைப் பளபளப்பூட்டும் கிளேஸ் குழம்பில் முக்கி எடுக்கும் வேலை. கனகாவுக்கு மகள்கள் இருவர் இருந்தனர். கணவன் காத்தவராயன் லோடு ஆட்டோ ஓட்டினான். எனவே, எந்தக் குறையைத் தீர்க்க அவள் குதிரைமேல் இவ்வளவு பிரியம் வைத்தாள் என்று கதை கட்ட ஊருக்கு வழியில்லாமல் போயிற்று. அவளுக்குக் குதிரையைப் பிடித்திருந்தது. செண்பகத்துக்கு அவளைப் பிடித்திருந்தது. அவள் சைக்கிள் வளைவில் திரும்பும்போதே கனைக்கும். இதற்குமேல் காரணம் இல்லை.

ஊசி போட்டு, குளம்புகளின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றச் செய்து, தரையில் மணலைக் கொட்டிப் பரப்பச் சொல்லிவிட்டு ஜெயஸ்ரீ விளக்கினாள். குளம்புக்குள் எலும்பைப் பிடித்து நிறுத்தும் சதை வீங்கியிருக்கிறது. உடம்பு இளைத்தால் அது ஆறும். இளைக்காவிட்டால் மறுபடியும் மறுபடியும் வீங்கும். ஒரு நாள் எலும்பு பிடிவிட்டுக் கீழே இறங்கும். அதன் பிறகு குதிரை நிற்காது.

"இளைக்க வைக்க இதுதான் நல்ல காலம். குளிர்ல ஒடம்பு சூட்டுக்காகத் தன் கொழுப்பத்தான் எரிச்சுக்கும். அதனால போத்தக் கூடாது. ஆனா பட்டினியும் போடக் கூடாது. பட்டினி போட்டா ஈரல் கெட்டுடும். காஞ்ச புல்லத் தண்ணில ஊறவச்சு, அந்தத் தண்ணிய வடிச்சுட்டுக் குடுங்க. அதுல இருக்குற சக்கரை போயிடும். மெதுவாத் தின்னணும். வேற எதுவும் வாய்க்குள்ள போகக் கூடாது."

"வேற எதுவும்னா?"

"சாமி பிரசாதம்கூட."

கனகா கோவிலைத் திரும்பிப் பார்த்தாள். மார்கழிப் பூசைக்கு அடுப்பில் ஏற்றிய பொங்கல் பானையிலிருந்து நெய் மணம் வரத் தொடங்கியிருந்தது. மார்கழி முடியும்வரை விடியற்காலைதோறும் அது வரும்.

பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. கமிட்டியின் செயலாளராகவும் கோவிலின் பூசாரியாகவும் இருந்த பச்சமுத்து, கூட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே தம் கருத்தைச் சொல்லிவிட்டார்.

"நான் அப்பவே சொன்னேன் மொதலாளி. மண்ணுல செஞ்சி வைங்க, சாணி போடாது, வைத்தியம் கேக்காதுன்னு. பாண்டிச்சேரி பீச்சுல சவாரிக்குக் குதிரை வுடுற ஆளு ரெண்டு தடவ போன் போட்டுட்டான். குடுத்து அனுப்பிடுங்க."

"இந்தக் காலோட பீச்சு மணல்ல நாள் பூரா ஆள் ஏத்தினா அது செத்துடும்," என்றாள் ஜெயஸ்ரீ.

தேவநாதன் தர்மசங்கடத்தில் இருந்தார். நேர்ந்து விட்டதை விரட்டுவது நல்லதல்ல. நேர்ந்து விட்டது நொண்டியடித்துக்கொண்டு ஊர் கண்முன் நிற்பதும் நல்லதல்ல. பெரும் யூனிட்டை நடத்துபவர். தவணை கொடுத்துத் தீர்ப்பது அவர் பழக்கம்.

"மாசி மொத வெள்ளி சாமி பொறப்பாட்டுல செண்பகம் முன்னால நடக்கணும். அதுக்குத்தான அவள வுட்டது. நடக்கும்னு டாக்டர் எழுதிக் குடுத்தா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா அந்த ஆளு ஓட்டிக்கிட்டுப் போவட்டும். அதுக்கு மேல என்னால பேச முடியாது."

தூணோரம் நின்ற கனகாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. தேவநாதன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"யூனிட்டுக்குப் பின்னால களிமண் ஊறப்போடுற பழைய தொட்டி ஒண்ணு சும்மா கெடக்குதுங்க. அத நான் எடுத்துக்கலாமா மொதலாளி?"

கேட்டதில் தேவநாதனுக்குப் பாதி புரியவில்லை. எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அதன் பிறகு நடந்தவற்றை ஜெயஸ்ரீ பகுதி பகுதியாகவே கண்டாள். அவளுடைய மருந்தகத்துக்கு மாடும் ஆடும்தான் வரும். குதிரை வைத்தியத்தில் ஐயம் வந்தால் கல்லூரியில் தனக்குப் பாடம் சொன்னவரைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்வாள். கேட்டறிந்ததைச் சொல்ல வரும்போதெல்லாம், முன்பு சொன்னது ஏதோ ஒரு வடிவத்தில் நிறைவேறியிருப்பதைக் கண்டாள். தேய்த்துக் கழுவப்பட்ட களிமண் தொட்டியில் காய்ந்த புல் இரவெல்லாம் ஊறியது. மெதுவாகத் தின்ன வேண்டும் என்று சொன்னதற்கு விடையாக, தீனித்தொட்டியில் உடைசல் விளிம்பில்லாத பெரிய பீங்கான் இன்சுலேட்டர்கள் கிடந்தன. சூளையில் நிறம் மாறியதால் ஒதுக்கப்பட்டவை. புல் அவற்றின் இடுக்குகளில் செருகப்பட்டிருந்தது. செண்பகம் ஒவ்வொன்றாக மூக்கால் உருட்டித் தள்ளிப் புல்லைத் தேடியது. முன்பு விழுங்கித் தீர்த்த தீனியை இப்போது பாதிப் பகல் தேடித் தின்றது.

"இத யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லலீங்க. எங்க சின்னது சோத்த அள்ளி அள்ளி முழுங்கும். மீன் கொழம்பு வச்சா மட்டும் முள்ளு எடுத்து எடுத்து மெதுவா தின்னும். அப்பிடித்தான்."

மேயவிடும் வேளைக்கு, நெல் போரடிக்கும்போது மாட்டுக்குக் கட்டுகிற கயிற்று வாய்க்கூடையை அவள் வாங்கி வந்து அடியில் ஒரு சிறு துளை விட்டிருந்தாள். துளை வழியே புல் நுனி மட்டும் வாய்க்கு எட்டும்.

வீட்டிலும் இதன் எதிரொலி இருந்தது. காத்தவராயன் ஒரு நாள் லாயத்துக்கே வந்து முறையிட்டான்.

"டாக்டரம்மா, நீங்களே கேளுங்க. எனக்கும் எண்ணித்தான் இட்லி வைக்கிறா. குதிரைக்குத்தான வைத்தியம்? நான் என்னா பாவம் பண்ணுனேன்?"

"கண்ணாடி பாத்தியா?" என்றாள் கனகா, குளம்பிலிருந்து தலையைத் தூக்காமல். "பொறப்பாட்டுல ஒன்னையும் நடக்க வுடணும்."

தொட்டி, பீங்கான், வாய்க்கூடை எல்லாம் எளியவை. அரியது வேறு. மார்கழிப் பொங்கலுடன் வந்து நிற்கும் ஊரை என்ன செய்வது?

கனகா முதலில் உள்ளதை உள்ளபடி சொல்லிப் பார்த்தாள். பேருந்து நிறுத்தத்தில் இட்லிக்கடை நடத்தும் ராஜாம்பாள், வாழையிலையில் பொங்கலுடன் வந்தவள், வாய்க்கூடையைக் கண்டதும் இலையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அடிப்பாவி, சாமி குதிரைக்கு வாயக் கட்டி வச்சிருக்கியே. நீ வெளங்குவியா?"

"டாக்டர் சொன்னாங்கக்கா. சக்கரை ஆவாது."

"எனக்குந்தான் சக்கரை ஆவாதுங்குறாரு டாக்டரு. நான் தின்னல? நாலு வருசமா சக்கரையோடதான் நிக்கிறேன் ஒன் முன்னாடி."

மறுநாள் கனகா யூனிட்டுக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ வாய்க்கூடையை அவிழ்த்து, குளிருக்கு ஒரு பழைய படுக்கை விரிப்பையும் போர்த்தி, வாழைப்பழச் சீப்பு ஒன்றையும் முழுமையாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நோயைப் பற்றிச் சொன்னால் ஊர் இரக்கப்பட்டது. இரக்கப்பட்டால் இன்னும் கொஞ்சம் கொடுத்தது.

அன்று மாலை கனகா பச்சமுத்துவிடம் போனாள். மஞ்சள் கிழங்கு ஒன்றும் நூலும் அவள் கையில் இருந்தன.

"சாமி, செண்பகத்துக்குக் காப்புக் கட்டி வுடுங்க. மாசி பொறப்பாடு வரைக்கும் விரதம்."

பச்சமுத்து விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தவர், விரலில் எண்ணெயுடன் திரும்பினார்.

"குதிரைக்கு விரதமா? எந்தச் சாத்திரத்துல இருக்குது?"

"இருக்கக் கூடாதுன்னு எதுல இருக்குதுங்க?"

"ஏ கனகா, ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும் சாமி. சிரிச்சிட்டு கையில இருக்கறத வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போவட்டும்."

பூசாரிக்குக் குதிரைமேல் விருப்பம் இல்லை. ஆனால் சொல்லில் பொருள் இருந்தால் அதை மறுக்கத் தெரியாதவர். ஐயனார் முன் தேங்காய் உடைத்து, செண்பகத்தின் கழுத்தில் மஞ்சள் முடிந்த காப்புக் கயிற்றைக் கட்டினார். கட்டும்போது குதிரை அவர் தோளில் கிடந்த துண்டைத் தின்ன முயன்றது.

"விரதத்த இப்பவே ஆரம்பிச்சிடு தாயே," என்றார்.

மறுநாள் காலை ராஜாம்பாள் இலையுடன் வந்தாள். காப்பைக் கண்டாள். நீட்டிய கையைத் தானே இழுத்துக்கொண்டாள்.

"விரதமா? எத்தினி நாளைக்கு?"

"மாசி வரைக்கும்க்கா."

"ஆத்தாடி. நானே வெள்ளிக்கெழம ஒரு பொழுதுதான் இருப்பேன்." அவள் செண்பகத்தின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னால் பிஸ்கெட்டுப் பொட்டலத்தோடு வந்தவரை அவளே தடுத்தாள். "கண்ணு தெரியலையா? காப்புக் கட்டியிருக்குது. விரதத்தக் கலைச்சா வூட்டுல வெளக்கு எரியுமா?"

அன்றிலிருந்து செண்பகத்தை ஊர் காவல் காத்தது. நோயாளிக்குக் கிடைக்காத மரியாதை விரதக்காரிக்குக் கிடைத்தது. வாய்க்கூடை இப்போது கொடுமையாகத் தெரியவில்லை, நியமமாகத் தெரிந்தது. குளிரில் போர்வையின்றி நின்றதும் நியமத்திலேயே சேர்ந்தது. ஜெயஸ்ரீ அடுத்த முறை வந்தபோது காப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்த மருந்த யாரு எழுதினது?"

"பூசாரிங்க."

மருந்துச் சீட்டில் அதை எழுத இடமில்லை. ஆயினும் தன் படிப்பில் அத்தனை ஆண்டுகளில் யாரும் விடை சொல்லாத ஒரு கேள்விக்கு, எவர் மனத்தையும் நோகச் செய்யாத விடை ஒன்றைக் கண்டவள் எதிரே நிற்கிறாள் என்பதை ஜெயஸ்ரீ அறிந்தாள். அதைச் சொல்லவும் செய்தாள். ஆனால் கனகா அப்போது தொட்டியிலிருந்து புல்லை வாரி வடித்துக்கொண்டிருந்தாள், தண்ணீர்ச் சத்தத்தில் அது அவள் காதில் விழவில்லை.

மார்கழி முடியுமுன் குளம்பின் சூடு தணிந்தது. ஏரியின் உள்வாயில் மழைநீர் வடிந்து மென்மையாகக் கிடந்த மண்ணில் கனகா செண்பகத்தை நடத்தத் தொடங்கினாள். யூனிட்டுக்குப் போகுமுன் ஒரு நடை, வந்தபின் ஒரு நடை. முதலில் கரையோரத்து ஒரு பனைமரம் வரை, பின்பு அதற்கடுத்ததற்கு. குதிரை நின்றால் அவளும் நின்றாள், இழுக்கவில்லை. பிடரியின் கொழுப்பு சிறிது சிறிதாகத் தளர்ந்தது. முதுகின் வாய்க்கால் தூர்ந்தது. ஒரு நாள் ஜெயஸ்ரீயின் விரல்கள், கனத்த போர்வைக்கு அடியில் கோல் இருப்பதை உணர்வதுபோல், ஒரு விலா எலும்பைக் கண்டன. அவள் கனகாவின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள்.

மாட்டுப் பொங்கலன்று கனகா வீட்டுக்குப் போய்ப் பொங்கலிட்டு, பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு, நண்பகலில் திரும்பினாள். லாயத்தின் முன்னால் தேவநாதனின் கார் நின்றது. தேவநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலியான பித்தளைப் பானையைச் சாய்த்துப் பிடித்திருந்தார். வாய்க்கூடை ஆணியில் தொங்கியது. தரையெல்லாம் கரும்புச் சக்கை. செண்பகத்தின் மூக்கு நுனி வரை வெல்லமும் நெய்யும் மின்னின.

"பாரு கனகா, என்னா ஆசையா தின்னுச்சி! மாட்டுக்கெல்லாம் இன்னிக்குக் குடுக்குறோம், இது மட்டும் மொகத்தப் பாத்துக்கிட்டு நிக்குது. மனசு கேக்கல. ஒரு நாளைக்கு விரதத்துக்கு லீவு வுட்டா ஐயனாரு கோச்சிக்க மாட்டாரு."

அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி கலப்படமற்றது. நேர்ந்து விட்ட நாள்முதல் தம் கையால் அதற்கு எதுவும் ஊட்டாதவர் அன்றுதான் ஊட்டியிருந்தார். கனகா பானையை வாங்கிக் கழுவி, காரில் வைத்தாள். அவர் போன பிறகு செண்பகத்தின் வாயைத் துடைத்தாள். பிறகு ஜெயஸ்ரீயை அழைத்தாள்.

இரண்டாம் நாள் காலையில் குளம்பு மீண்டும் சுட்டது.

"யாரு குடுத்தது?" என்று ஜெயஸ்ரீ கேட்டாள். அவளுக்குக் கோபம் வருவது அரிது. வந்தால் குரல் இறங்கும்.

"பொங்கப் பானைங்க மேடம்."

"பானை தானா நடந்து வந்துதா?"

"நீங்க ஊசியப் போடுங்க மேடம். நான் தண்ணி ஊத்துறேன்."

மறுபடியும் மணல், மறுபடியும் குளிர்ந்த நீர். தை மாதத்தின் பெரும்பகுதி நிற்பதிலேயே கழிந்தது. கனகா யூனிட்டில் தேவநாதனைத் தினமும் கண்டாள். கிளேஸ் குழம்பு பதமாக இருக்கிறதா என்று அவர் கேட்டார், இருக்கிறது என்று சொன்னாள். வேறு பேச்சு இல்லை.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கமிட்டி கூடவிருந்த காலையில், ஜெயஸ்ரீ இறுதியாகச் சோதிக்க வந்தாள். ஏரி உள்வாயில் கனகா கயிற்றைத் தளர்த்தியதும் செண்பகம் நடந்தது. பின், யாரும் கேளாமலே, சிறு ஓட்டமாக ஓடியது. வயிறு குலுங்கவில்லை. கழுத்து நிமிர்ந்திருந்தது. தூக்கிய கால் தயங்காமல் பதிந்தது. அகன்ற மர உருளைபோல் இருந்த உடம்புக்குள்ளிருந்து இப்படியொரு வடிவம் வெளிப்படும் என்று ஜெயஸ்ரீ எதிர்பார்த்திருக்கவில்லை.

அதன்பின் தார்ச்சாலையில் நடத்தச் சொன்னாள். புறப்பாடு போவது அந்தச் சாலையில்தான். பத்தடிக்குள் செண்பகத்தின் காலடி குறுகியது. நொண்டவில்லை, ஆனால் ஒவ்வொரு காலையும் கேட்டுக் கேட்டு வைத்தது.

ஜெயஸ்ரீ சான்றிதழ்த் தாளைப் பையிலிருந்து எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். எழுதவில்லை.

"என்னாங்க மேடம் யோசிக்கிறீங்க?"

"இன்னும் ரெண்டு மாசம் இருந்தா தார் ரோட்டுலயே நடந்துடும். வெள்ளிக்கெழம நடத்தினா..." அவள் முடிக்கவில்லை. "ஒரு நாள்தான் கனகா. ஊசி போட்டு நடத்திட்டா யாருக்கும் தெரியாது. உங்கள விட்டுப் போகாது."

கனகா செண்பகத்தின் பிடரியில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டாள்.

"நடக்கச் சொன்னா நடந்துடுவா மேடம். சொன்னா கேக்குற கழுத இது. வெடி போட்டாலும், மேளம் அடிச்சாலும், நான் முன்னால போனா பின்னாலயே வந்துடுவா. சனிக்கெழமதான் நிக்க மாட்டா." சற்றுப் பொறுத்துச் சொன்னாள்: "முடியாதுன்னா முடியாதுன்னே எழுதுங்க."

"அப்பறம் பாண்டிச்சேரி?"

"அது எம்பாடு. நீங்க பொய்யி எழுதாதீங்க."

ஜெயஸ்ரீ அவளைப் பார்த்தாள். பின்பு, உள்ளதை எழுதினாள். உடல் இளைத்துத் தேறியிருக்கிறது; மென்மையான தரையில் நன்றாக நடக்கிறது; கடினமான சாலையில் நீண்ட தூரம் நடத்தத் தகுதி இல்லை. கையொப்பமிட்டு முத்திரை வைத்தாள். அந்தத் தாளைக் கமிட்டி முன் வைத்து, வாயாலும் சொன்னாள்.

மண்டபத்தில் தேவநாதன் நடுவில் உட்கார்ந்திருந்தார். பச்சமுத்து சான்றிதழை இருமுறை படித்தார்.

"அப்ப நடக்காது. பேச்சு அதுதான? மொதலாளி சொன்ன சொல்லு."

"தை பொறந்தப்ப நல்லா வந்துக்கிட்டிருந்துது," என்றாள் ஜெயஸ்ரீ. "மாட்டுப் பொங்கலன்னிக்கு யாரோ வாய்க்கூடைய அவுத்துட்டு ஒரு பானை சக்கரைப் பொங்கலும் கரும்பும் குடுத்திருக்காங்க. அதுல மறுபடியும் கால் வீங்கிடுச்சு. அது மட்டும் நடக்காம இருந்தா இன்னிக்கு நான் வேற எழுதியிருப்பேன்."

தேவநாதன் விரலிடையில் சுழற்றிக்கொண்டிருந்த பேனா நின்றது.

பச்சமுத்து கனகாவின் பக்கம் திரும்பினார். "என்னாம்மா இது? காப்புக் கட்டுனவன் நானு. பொங்கலன்னிக்கு எங்க போன நீ? யாரு குடுத்தா?"

தேவநாதன் கனகாவைப் பார்த்தார். கனகா தரையைப் பார்த்தாள்.

"லாயம் எம்பொறுப்புங்க சாமி. நான் வூட்டுக்குப் போயிட்டேன். அது என் தப்புதான்."

"யாருன்னு கேக்குறேன்."

"என் தப்புன்னு சொல்றேன் இல்லீங்களா." அவள் நிமிர்ந்தாள். "அந்தப் பாண்டிச்சேரி ஆளு வேணும்னா வந்து பாத்துட்டுப் போவட்டும். நான் தடுக்கல. மொதலாளி வார்த்தைக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். ஒண்ணு மட்டும் கேக்குறேன். நாளைக்கே அனுப்பாதீங்க. லாரியில நிக்கிற அளவுக்குக் காலு தேறட்டும். அதுவரைக்கும் புல்லு எஞ்செலவு."

வெளியே செண்பகம் பீங்கான்களை உருட்டும் ஓசை கேட்டது.

தேவநாதன் தீர்மானப் புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்தார். எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார். தும்பைப்பூப்போல் வெளுத்த சட்டையின் கழுத்தோரம் வியர்த்திருந்தது. தைக்குளிர் இன்னும் போயிருக்கவில்லை. எழுதி முடித்ததும் புத்தகத்தைப் பச்சமுத்துவிடம் தள்ளினார்.

"படி."

பச்சமுத்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "மாசி முதல் வெள்ளி புறப்பாட்டில் செண்பகம் நடக்க வேண்டியதில்லை, கோவில் வாசலில் நின்று சாமியை வழியனுப்பினால் போதும். செண்பகத்தை யாருக்கும் கொடுப்பதில்லை. மாட்டுப் பொங்கலன்று தலைவர் தேவநாதன், பராமரிப்பவர் இல்லாத நேரத்தில், தம் விருப்பப்படி தீனி கொடுத்ததால்..." அவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். "இதெல்லாம் தீர்மானத்துல எதுக்கு மொதலாளி? வாயால சொன்னா போதாதா?"

"நடந்தது அதுதான? படி."

"...தீனி கொடுத்ததால் செண்பகத்துக்குத் தீங்கு நேர்ந்தது. இனி லாயத்தின் சாவி கனகாவிடம் மட்டுமே இருக்கும். கனகாவின் அனுமதியின்றித் தலைவர் உட்பட எவரும் தீனி கொடுக்கக் கூடாது." பச்சமுத்து புத்தகத்தை மூடப் போய், மூடாமல் வைத்தார். கனகாவிடம் கேட்டதற்கு வருந்துகிறாரா என்பது முகத்தில் தெரியவில்லை. ஆனால் குரல் மாறியிருந்தது. "பூசாரியும் சேத்து எழுதுங்க மொதலாளி. என் துண்ட ஒருக்கா தின்னப் பாத்துது."

ஜெயஸ்ரீ சிரித்துவிட்டாள். தேவநாதன் சிரிக்கவில்லை, 'பூசாரி' என்ற சொல்லை உரிய இடத்தில் நுழைத்தார்.

"ஏன் சொல்லல கனகா?" என்று கேட்டார், தலை நிமிராமல். "யூனிட்டுல தெனம் பாக்குறோமே."

"அன்னிக்கு நீங்க அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க மொதலாளி."

தேவநாதன் தம் பெயரை முழுமையாக எழுதிக் கையொப்பமிட்டார். பச்சமுத்து கையொப்பமிட்டார். மற்ற உறுப்பினர்களிடம் புத்தகம் சுற்றி வந்தது. தீர்மானத்தின் நகல் ஒன்றைத் தனித்தாளில் தம் கைப்பட எழுதிய தேவநாதன், அதிலும் கையொப்பமிட்டு, கோவில் முத்திரையை அழுத்தினார். மை காயும்வரை ஊதினார். அதைக் கோப்புக்காக நீண்ட பச்சமுத்துவின் கையில் கொடுக்காமல், தூணோரம் வரை எழுந்து போய், கனகாவிடம் கொடுத்தார்.